காந்தம் வழுக்கிய கதவு

சம்பந்தம் தன் வீட்டிலேயே புதுப்பித்துக்கொண்டிருந்த பழைய ஸ்போர்ட்ஸ் காரின் கதவுக்குத் தலைகால் புரியவில்லை. துரு அரித்த ஓட்டைகளையெல்லாம் பட்டி வைத்து அடைத்து, பளபளவென்று சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தார் அல்லவா? இன்னும் பெயின்ட் காணாத பானெட்டைப் பார்த்து, "அக்கா, இந்த நசுங்கின மூஞ்சியோட என் பக்கத்துல நிக்காதே, அசிங்கமா இருக்கு" என்றது.

மாலையில் காரைப் பார்க்க வந்த நண்பர், பையிலிருந்து குட்டிக் காந்தத்தை எடுத்துக் கதவில் வைத்தார்.

"கொஞ்சம் ஒட்டிக்கோயேன், மானம் போயிடும்" என்று கதவு கெஞ்சியது.

"பிடிச்சுக்க இரும்பு வேணுமேம்மா" என்றபடி காந்தம் வழுக்கி விழுந்தது.

அவர் எடுத்துப் பானெட்டில் வைத்தார். டக்கென்று ஒட்டியது.

"அவளை ஒண்ணும் சொல்லாதே," என்றது பானெட், காந்தத்திடம். "சாரல் அடிக்கிற பக்கம் இருபது வருஷம் நின்னவ அவதான்."

காந்தம் விழுந்தபோதுகூடக் கதவுக்கு இப்படிக் கூசவில்லை.