கன்வெர்ட்டர் மாட்டிய கை

“ஓட்டத் தெரியாதவங்க கையில கொடுத்தா இன்ஜின் இப்படித்தான் கதறும். முதல்ல வண்டியை வெளியே எடுங்க!”

மெக்கானிக் ஸ்பானரை மேசைமேல் வீசினார். எதிரில் நின்ற டாக்ஸிக்காரம்மா இம்மியும் நகரவில்லை.

தெருவில் மெக்கானிக்குக்கு டாக்டர் என்று பெயர். நோயாளியை நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் நாடி பிடிப்பார். முழங்கால் ஆபரேஷனால் இரண்டு மாதம் கட்டிலில் கிடந்தவர், அன்றுதான் ஷெட்டுக்கு வந்திருந்தார். கோபமெல்லாம் மொத்தமாகச் சேர்ந்து கிடந்தது.

போதாக்குறைக்கு, அந்த இரண்டு மாதமும் ஷெட்டைப் பார்த்துக்கொண்ட மருமகன், கூடமாட நிற்காமல், இந்த வண்டி கேட்டுக்குள் நுழையும்போதே “டீ வாங்கிட்டு வந்துடறேன் மாமா” என்று நடையைக் கட்டிவிட்டான்.

“நல்லா ஓடிட்டிருந்த வண்டி. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற டார்க் கன்வெர்ட்டரை மாத்தினதுல இருந்துதான் இந்தச் சத்தம்,” என்றாள் அவள். “மாத்தினவரும் உங்களை மாதிரியேதான், ஓட்டினதுல கோளாறுன்னு என் தலையில கட்டிட்டார். என் வீட்டு அடுப்பு எரியறதே இந்த வண்டியாலதான். பார்க்காம நகர மாட்டேன்.”

“பார்த்துட்டு, தப்பு உங்க மேலதான்னு சொன்னா?”

“வாயை மூடிக்கிட்டுப் போயிடறேன்.”

மெக்கானிக் நொண்டிக்கொண்டே வந்து, இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க்கின் முனையிலிருந்த புல்லிக்குப் பின்னால் நெம்புகோலைக் கொடுத்துத் தள்ளினார். மயிரிழை மட்டுமே அசையவேண்டிய கிராங்க், டொக்கென்று முன்னால் வந்தது, டொக்கென்று பின்னால் போனது. அதைத் தாங்கும் பேரிங் தேய்ந்து தீர்ந்திருந்தது.

முழங்காலைச் சபித்தபடியே குழிக்குள் இறங்கி, கன்வெர்ட்டர் போல்ட்டுகளைக் கழற்றினார். கழற்றியதும் அது கொஞ்சம் பின்னால் நகரவேண்டும். இது பாறை மாதிரி அப்படியே நின்றது.

ஏறி வந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. மேசையிலிருந்த பிளாஸ்க்கைத் திறந்து, ஆவி பறக்கிற டீயை ஊற்றி, ஊதக்கூட மறந்து குடித்தார்.

“உங்க மேல தப்பில்லம்மா. எவனோ கன்வெர்ட்டரை கியர்பாக்ஸுக்குள்ள முழுசா உட்கார வைக்காம, போல்ட்டைப் போட்டு முறுக்கியிருக்கான். அது கிராங்க்கை முன்னால நெருக்கி நெருக்கியே பேரிங்கைத் தின்னுடுச்சு. வேலை தெரியாத பய! அவனெல்லாம் ஸ்பானரைத் தொடலாமா?”

“இதை அப்படியே எழுதிக் கொடுப்பீங்களா?”

“எழுதறதென்ன, ஷெட் சீலே குத்தித் தரேன்!”

எழுதினார். கையெழுத்துப் போட்டார். மேசை அதிர சீலையும் குத்தினார்.

“அவன் சட்டையைப் பிடிங்க. புது கிராங்க் போட்டு, இன்ஜினைச் சரிபண்ணிக் கையில கொடுக்கச் சொல்லுங்க. முடியாதுன்னான்னா, அவன் ஷெட்டை இழுத்து மூட வைக்கிறது என் பொறுப்பு!”

அவள் தாளை நாலாக மடித்துப் பைக்குள் பத்திரப்படுத்தினாள். வந்ததிலிருந்து நின்றுகொண்டே இருந்தவள், ஸ்டூலை இழுத்துப்போட்டு நிதானமாக உட்கார்ந்தாள்.

“எதுக்கு உட்காரறீங்க? கிளம்புங்க, நானும் வரேன். யார் அவன்?”

“டீ வாங்கப் போயிருக்காரே, அவர்தான்.”