மெடிக்கல் லீவு

மெடிக்கல் லீவில் இருந்த குற்றாலிங்கத்தைப் பார்க்க, ஹார்லிக்ஸ் பாட்டிலும் கோமதியம்மன் கோவில் புற்றுமண்ணுமாக வந்தான் ஆபீஸ் கிளார்க் காந்திமதிநாதன். கழுத்துவரை போர்த்திக்கொண்டு கட்டிலில் கிடந்தார் அவர்.

"புற்றுநோய்னு கேள்விப்பட்டதும் ஆபீஸே ஆடிப்போச்சு அண்ணாச்சி."

"என்ன செய்ய வே. மெட்ராஸ்ல மருந்து ஏத்த நெஞ்சுல குழாய் வச்சு, அதைக் கழுவவும் பழக்கிவிட்டு அனுப்பிட்டாங்க. தினமும் மருந்துத் தண்ணி விட்டு நாமளே கழுவணும். துளி அழுக்கு பட்டாலும் ஆளைச் சாய்ச்சிரும்."

மேஜையருகே சிரிஞ்சில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாள் அவர் மனைவி சங்கரேஸ்வரி.

"ஏட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவுனியா? சிரிஞ்சுக்குள்ள காத்து நிக்கி பாரு, தட்டு."

இந்த நிலையிலும் என்ன ஒரு கவனம் என்று உருகிப்போன காந்திமதிநாதன், அவர் நெற்றியில் புற்றுமண்ணைப் பூசினான். அவரும் கண்ணை மூடி வாங்கிக்கொண்டார்.

சங்கரேஸ்வரி சிரிஞ்சோடு உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"உங்களுக்குப் போடாம மதினி எங்க போறாக?"

"குழாய் அவ நெஞ்சுலல்லா இருக்கு. எனக்கு ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வந்துரும் வே. அதான் லீவு போட்டுப் படுத்துக்கிடக்கேன்."

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தம்பி, அந்த ஹார்லிக்ஸை அவுகளுக்கே கரைச்சுக் கொடுங்க. ஒரு மாசமா என்னையப் பார்த்தே மெலிஞ்சுட்டாக. புற்றுமண்ணு மிச்சம் இருந்தா மட்டும் எனக்கு வச்சுட்டுப் போங்க."