முதல் பாட்டுக்கு முன்னால்

இசைத்தட்டின் மேல் ஊசி இறங்குகிறது. சன்னல் வெயில் அதன் கறுப்பு வரிகளில் சுற்றிச் சுற்றி வழுக்குகிறது. பழைய புரோகிரசிவ் ராக் ஆல்பம் ஒன்றை மெருகேற்றி மறுபடி கொண்டுவந்திருக்கும் ஒலிப்பொறியாளன் ஊசியை விட்டுக் கையை எடுக்கிறான். எதிரே, அந்த இசைக்குழுவின் செத்துப்போன டிரம்மரின் மனைவி கைப்பையை மார்போடு அணைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். "பாட்டுக்கு முன்னாடி அவரு ஒரு தடவை மூச்சை இழுத்து விடுவாரு தம்பி. எனக்கு அது போதும்," என்று இப்போதுதான் சொன்னாள். அந்த மூச்சை இரைச்சலென்று நினைத்துப் பழைய பதிவிலிருந்து துடைத்தெடுத்தவன் இவன்தான். தட்டுகளெல்லாம் அச்சாகிப் பெட்டிக்குள் போய்விட்டன. டிரம்ஸ் பளிச்சென்று முழங்குகிறது. அவள் கண் திறக்கவில்லை. "ஊசியைக் கொஞ்சம் தள்ளி வெச்சுட்டீங்க போல. முதல்லேருந்து வைங்க தம்பி." அவன் ஊசியைத் தூக்குகிறான். அவள் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள்.