மேனேஜர் அறைக் கதவு

"கதவைச் சாத்திட்டு வாப்பா," என்றார் மேனேஜர் லோமாக்ஸ்.

வெண்டல் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான். அயோவாவின் அந்தச் சின்ன பேஸ்பால் அணியில், மேனேஜர் கதவைச் சாத்தச் சொன்னால் ஆட்டக்காரன் மூட்டை கட்ட வேண்டியதுதான். வெளியே அவனுடைய அறைத்தோழன் எல்ஸ்வர்த் முகம் வெளுத்து நின்றான். அவன் பந்தை வீச, இவன் பிடிக்க, எட்டு வருஷம் ஓடியிருந்தது.

"இந்த சீசன் மட்டும் விடுங்க பாஸ். முட்டி சரியாயிடும்."

"உன் முட்டி இனிமே தேறாது. ஆனா போறது நான். என்னைத் தூக்கிட்டாங்க. இப்பலேருந்து நீதான் மேனேஜர்."

"நானா?"

"முதல் வேலையும் வந்தாச்சு. டீம்லேருந்து ஒருத்தனை அனுப்பணுமாம். எனக்கு வாய் வரலை, நீ சொல்லிடு."

காகிதத்தை நீட்டிவிட்டு, தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, லோமாக்ஸ் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

வெண்டல் காகிதத்திலிருந்த பெயரை இரண்டு முறை படித்தான். பிறகு கதவைத் திறந்தான்.

எல்ஸ்வர்த் ஓடிவந்து கட்டிக்கொண்டான். "மனசை விட்டுடாதடா. நீ இல்லாத டீம்ல எனக்கு மட்டும் என்ன வேலை?"

வெண்டலுக்கு அவன் தோளிலிருந்து முகத்தை எடுக்க முடியவில்லை.

"உள்ள வா," என்றான் கடைசியில். "கதவைச் சாத்திட்டு வா."