சேஷாத்ரியின் கப்பல்

கடைசி முடிச்சைப் போட்டு, மிச்ச நூலைக் கத்தரித்துவிட்டு, சரசா கப்பலைச் சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைத்தாள்.

மூன்று பாய்மரம். மெல்லிய பலகைகளை வரிசை வரிசையாக ஒட்டிய உடம்பு. மயிரிழை பிசகவில்லை.

மணி ஐந்தரை. புருஷன் சேஷாத்ரி கழுத்தில் மாலையும் தோளில் சால்வையுமாக பேங்க்கிலிருந்து வந்துகொண்டிருப்பார். இன்றோடு அவருக்கு ரிடையர்மென்ட்.

வரட்டும்.

இந்த மரக் கப்பல் பெட்டியை அவர் வாங்கிப் பதினாறு வருஷம் ஆகிறது. பாகங்களையெல்லாம் கம்பெனிக்காரனே வெட்டி அடுக்கிக் கொடுத்துவிடுவான். ஒட்டிச் சேர்ப்பதுதான் நம் பாடு. ரிடையர் ஆன மறுநாள் பிரிப்பேன் என்று வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. வருஷா வருஷம் சரஸ்வதி பூஜையன்று பரணிலிருந்து இறக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் ஏற்றிவிடுவார். வேறு யாரும் தொடக் கூடாது.

அந்தப் பரணில் அதற்கு முன்னால் இருந்தவை சரசாவின் பதினோரு நோட்டுகள். மழைக்காலம் தவறாமல் சிங்ககட் மலைச் சரிவிலும் காஸ் மேட்டிலும் அலைந்து, ஒவ்வொரு செடியின் முன்னாலும் உட்கார்ந்து பென்சிலால் வரைந்தவை. டாக்டர் பட்டத்துக்கு இன்னும் ஓர் அத்தியாயம்தான் பாக்கி இருந்தது. ஔந்தில் இந்த வீட்டுக்குக் குடிவந்த மாதம், அவள் ஊரில் இல்லாத சமயம் பார்த்து, பெட்டிக்கு இடம் வேண்டுமென்று அத்தனையையும் பழைய பேப்பரோடு எடைக்கு வாங்கும் ரத்திவாலாவிடம் தூக்கிப் போட்டுவிட்டார்.

பழைய நோட்டுதானே என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

அவள் ஊற்றினாள். அன்றைக்கு வயிற்றில் பற்றியது இன்றுவரை அணையவில்லை.

போன சரஸ்வதி பூஜை முடிந்த வாரம் ஆரம்பித்தாள். அவர் ஒன்பது மணிக்குக் கிளம்பினால் வீடு அவளுடையது. யூட்யூபைப் பார்த்துப் பார்த்து, விரலெல்லாம் பசையும் மரத்தூளுமாக வேலை செய்தாள். ஆறு மணிக்குள் எல்லாம் திவானுக்கு அடியில் போய்விடும். பரணில் இருந்தது காலிப் பெட்டி. கனத்துக்கு உள்ளே இரண்டு செங்கல்.

உடைத்துப் போட்டிருக்கலாம். அதில் என்ன ருசி? ஐயோ பாவம் என்று ஊரே அவர் பக்கம் நிற்கும். முழுசாகச் செய்து முடித்துவிட வேண்டும். ஒரு நூல், ஒரு சொட்டுப் பசை அவருக்கென்று மிச்சம் இருக்கக் கூடாது. காத்திருந்தவன் பெண்டாட்டியை நேற்று வந்தவன் கொண்டுபோனான் என்பார்களே, அந்த எரிச்சலை அவர் முகத்தில் கண்ணாரப் பார்க்க வேண்டும். ஆறு மாதமாக அவளுக்கு அதுதான் சோறு தண்ணி.

சேஷாத்ரி வந்தார். மாலையைக் கழற்றினார். கப்பலைப் பார்த்தார். மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

சரசா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அடடே, முடிச்சே வெச்சுட்டியா. நல்லதாப் போச்சு. இந்தக் கண்ணை வெச்சுண்டு எப்படி ஒட்டறதுன்னு நானே பயந்துண்டிருந்தேன்."

இந்த மனுஷருக்கு நோகவே இல்லை.

அதோடு விட்டாரா? சால்வையைச் சரிசெய்துகொண்டு, கப்பலுக்குப் பக்கத்தில் நின்று ஒரு செல்ஃபி எடுத்தார். குடியிருப்புச் சொசைட்டியின் வாட்ஸப் குரூப்பில் போட்டார். அவளுடைய போனிலும் வந்து விழுந்தது. என் கையால் செய்த முதல் கப்பல், பதினாறு வருஷக் கனவு என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார்.

பாவி மனுஷன்.

பாராட்டு மேல் பாராட்டாக வந்து குவிந்தது. கடைசியில் செயலாளர் குல்கர்ணி காகா எழுதினார். அவர் பையன் ஜெர்மனியிலிருந்து அனுப்பிய சின்னக் கப்பல் பெட்டி ஒன்று வீட்டில் பிரிக்காமல் கிடக்கிறதாம். நாளை மகாராஷ்டிர தின விழாவில் சேஷாத்ரி சார் அதை மேடையில் உட்கார்ந்து எல்லோருக்கும் செய்து காட்ட வேண்டுமாம்.

புகழ் தலைக்கேறியவர் உடனே சரி என்று போட்டுவிட்டார். போட்ட பிறகுதான் உறைத்தது.

சமையலறை வாசலில் வந்து நின்றார். முப்பத்தொரு வருஷத்தில் அவளிடம் எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டவர் இல்லை.

"சரசா, இதுல மொதல்ல எதை ஒட்டணும்?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, அவரை மேஜைக்குக் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நடுக்கட்டையை நிறுத்திக்கோங்கோ. இடது பக்கப் பலகையெல்லாம் வரிசையா ஒட்டி முடிச்சுடுங்கோ. அப்புறமா வலது பக்கம். அவ்வளவுதான்."

சேஷாத்ரி பிரிவுபசார அழைப்பிதழின் பின்பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு எழுதிக்கொண்டார். முகம் தெளிந்துவிட்டது.

இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றித்தான் ஒட்ட வேண்டும். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டு போனால் ஐந்தாவது பலகையிலேயே நடுக்கட்டை முறுக்கிக்கொண்டு, கப்பல் வாழைக்காய் மாதிரி வளைந்துவிடும். கார்த்திகை மாதம் சரசாவுக்கு அப்படித்தான் ஆயிற்று. பிய்த்தெடுத்து மறுபடி ஒட்டப் பதினைந்து நாள் பிடித்தது.

முன்வரிசையில் தனக்கு ஒரு நாற்காலி போட்டுவைக்கும்படி அவள் குல்கர்ணி காகாவுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள்.