குயிலியின் சிரிப்பு

விளம்பரங்களுக்கு இசையமைக்கும் செண்பகாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஆறு வயது மகள் குயிலியின் சிரிப்புதான். விக்கி விக்கி மேலேறும் அந்தச் சிரிப்பிலிருந்து அவள் எடுத்த மெட்டு நாடெங்கும் ஒலித்தது. ஒரு நிறுவனம் அவளை வேலைக்கு எடுத்தபோது, மெட்டோடு அது பிறந்த மூலத்தின் உரிமையையும் எழுதி வாங்கிக்கொண்டது. செண்பகா சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டாள்.

பள்ளி ஆண்டுவிழாவில் குயிலி வாய்விட்டுச் சிரித்தாள். மறுநாளே நிறுவனத்து ஆள் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"பாப்பா வெளியிடத்துல அப்படிச் சிரிக்கக் கூடாது மேடம். அது எங்களோடது. வேற மாதிரி சிரிக்கப் பழக்கிடுங்க."

"எம்பொண்ணு சிரிக்கறதுக்கு உங்ககிட்ட கேக்கணுமா?"

"கேட்டா குடுப்போம் மேடம். பொறந்தநாளுக்கெல்லாம் அனுமதி உண்டு."

செண்பகா அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். உடனே மகளை நிறுவனத்தின் வரவேற்பறைக்கு அழைத்துப் போய், அத்தனை பேர் நடுவிலும் நிறுத்தினாள்.

"சிரிடி கண்ணு. எவன் தடுக்கறான்னு பாக்கறேன்" என்று இடுப்பில் கிச்சுகிச்சு மூட்டினாள்.

குயிலி நெளிந்தாள். இரண்டு கைகளாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

"அந்த அங்கிள் ஸ்கூலுக்கும் வந்தாரும்மா" என்றாள் விரலிடுக்கு வழியே. "நான் சிரிச்சா உனக்கு வேல போயிடுமாம்."