மிஞ்சிய ஒரு சீட்

“மாமா ஐசியுவிலை கிடக்கிறார், தம்பி. வியாழன் மட்டும் தாங்குவார் எண்டு ஆர் எழுதித் தாறது?”

ஹீத்ரோ விமான நிலையக் கவுண்டரில் இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் பரப்பி வைத்துக்கொண்டு நின்றார் பாலேந்திரா. யாழ்ப்பாணத்தில் இருக்கும் மாமனாருக்குக் கடும் வருத்தம் என்று காலையில் போன் வந்திருந்தது. எடுத்துக் கதைத்தது அவருடைய மனைவி சுவர்ணா.

கவுண்டரில் இருந்த ஸ்ரீனிவாஸ் சென்னைப் பையன். தமிழ் காதில் விழுந்ததும் மலர்ந்த முகம், டிக்கெட்டைப் பார்த்ததும் சுருங்கிப்போனது.

“சார், இது வியாழக்கிழமை கேட்விக்லேருந்து போற டிக்கெட். இருக்கிறதுலயே மலிவானது, தேதியை மாத்தவே முடியாது. நீங்க இன்னைக்கே வந்திருக்கீங்க, அதுவும் வேற ஏர்போர்ட்டுக்கு.”

“ரெண்டும் லண்டன்தானே, தம்பி. எங்கை ஏறினால் என்ன, இறங்கிறது கொழும்பிலைதானே.”

நியாயமான கேள்விதான். ஆனால் நியாயத்துக்கும் விமான டிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம்? நல்லூர்த் திருவிழாக் காலம் வேறு. லண்டன் தமிழ்ச்சனத்தில் பாதி ஊருக்குக் கிளம்பியிருந்தது; வியாழனுக்கு முன்னால் எந்த விலைக்கும் சீட் இல்லை என்று டிக்கெட் ஏஜென்சிக்காரர்கள் எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள்.

பாலேந்திரா இலேசில் யாரிடமும் கெஞ்சுகிற ஆள் இல்லை. நோர்பரியில் அவர் நடத்தும் மரக்கறிக் கடையில் ஒருமுறை பேரம் பேசியவர்கள் மறுமுறை வாயைத் திறந்ததில்லை. அப்படிப்பட்ட மனுஷன், மகன் வயதுப் பையனிடம் கும்பிடாத குறையாக நின்றார். எல்லாம் பெண்சாதிக்காக.

சுவர்ணா அவரை மெல்ல விலக்கினாள். “நீங்கள் போய் இருங்கோ. காலைமையில இருந்து ஒண்டும் சாப்பிடேல்லை, குளிசையும் போடேல்லை. நான் கதைக்கிறன்.”

போன வருடம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து அவருக்கு மாத்திரை தவறக்கூடாது. அப்பன் சாகக் கிடக்கிற நேரத்திலும் என் குளிசையை நினைக்கிறாளே என்று உருகியபடி நாற்காலிப் பக்கம் போனார். காலையிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதிர்ச்சியில் கல்லாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

நாற்காலியில் இருந்தபடி பார்த்தார். சுவர்ணா கவுண்டரில் சாய்ந்து ஏதோ சொன்னாள். குரல் இங்கே கேட்கவில்லை. ஸ்ரீனிவாஸ் நிமிர்ந்து, அவளைத் தாண்டி பாலேந்திராவைப் பார்த்தான். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டு, யாருக்கோ போன் போட்டான்.

“என்னவாம்?” என்றார், திரும்பி வந்தவளிடம்.

“மேலிடத்திலை கேட்டு எங்களை ஸ்டான்ட்பையில போட்டிருக்கிறார். எல்லாரும் ஏறினாப் பிறகு சீற் மிஞ்சினால் தருவினமாம்.”

“கெட்டிக்காரிதான். என்ர போனைத் தா. மாமா எப்பிடி இருக்கிறார் எண்டு அம்மாட்டை ஒருக்காக் கேப்பம்.”

அவருடைய போன் காலையிலிருந்து சுவர்ணாவின் கைப்பைக்குள்தான் கிடந்தது.

“அதிலை சார்ஜ் இல்லை. மாமியும் அப்பாவோட ஆஸ்பத்திரியிலைதான் நிக்கிறா. அங்கை போன் கதைக்க விடமாட்டினம்.”

“பாவம் அம்மா. இந்த வயசிலையும் சம்பந்திக்காக அலையிறா.” அவர் மனைவியின் தோளைத் தட்டினார். “போய் இறங்கினதும் அவவை வீட்டை அனுப்பிப்போட்டு நான் மாமாவோட நிக்கிறன். நீ ஒண்டுக்கும் யோசியாதை.”

சுவர்ணா கைப்பையைத் திறந்தாள். மாத்திரையை எடுத்து அவர் கையில் வைத்து, தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தாள். அவர் விழுங்கி முடிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரிசை கரைந்தது. கடைசிப் பெட்டியும் உள்ளே போனபின் ஸ்ரீனிவாஸ் கையசைத்துக் கூப்பிட்டான். இரண்டு பேரும் ஓடினார்கள்.

“ஒரு சீட்தான் இருக்கு, மேடம். ஒருத்தர்தான் போக முடியும். உடனே சொல்லணும்.”

“நீ வெளிக்கிடு, சுவர்ணா,” என்றார் பாலேந்திரா. “நான் வியாழன் வாறன்.”

“இவர் போறார்,” என்று சுவர்ணா கணவரின் பாஸ்போர்ட்டை நகர்த்தினாள். ஸ்ரீனிவாஸ் ஒரு கேள்வியும் கேட்காமல் அதை எடுத்துக்கொண்டான்.

பாலேந்திராவுக்கு வந்ததே கோபம். “உனக்கென்ன விசரே? பெத்த தகப்பன் சாகக் கிடக்கிறார். மகள் இஞ்சை நிக்க, மருமகன் போய் என்ன செய்யிறது? தம்பி, அதை வையும். அவதான் போறா.”

“இஞ்சாருங்கோ, நான் சொல்லிறதைக் கேளுங்கோ.”

“ஏலாது. நீ போகாட்டி நானும் போகேல்லை. பெத்தவையின்ர முகத்தைக் கடைசியா ஒருக்காப் பாக்காமல் விட்டால், அது சாகும் மட்டும் மனசை அறுக்கும். உனக்கு அந்தக் கெதி வர நான் விடமாட்டன்.”

“சார், கவுண்டரை மூடணும்,” என்றான் ஸ்ரீனிவாஸ் தலையைக் குனிந்தபடி. பாலேந்திரா எட்டித் தன் பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொண்டார்.

காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் உடைந்து சுவர்ணாவின் கன்னங்களில் வழிந்தது. அவருடைய இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“என்ர அப்பா சுகமாய் இருக்கிறார்,” என்றாள்.

அவர் விளங்காமல் அவளைப் பார்த்தார்.

“மாமிக்குக் கொள்ளி வைக்க உங்களை விட்டால் ஆர் இருக்கினம்?”